சம்பந்தியின் இடது கால்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

கீழ்த்தளத்திலிருந்து சம்பந்தியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். தாங்களும் நலமாகவே இருக்கிறீர்கள் என்பதைக் காலைதோறும் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிவரும் தும்மல் ஓசையால் அறிந்து மகிழ்கிறேன். தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. ஒரே கட்டடத்தில் குடியிருந்துகொண்டு கடிதம் எழுத நேர்ந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் தலையைக் கண்டாலே தாங்கள் பின்பக்கப் படிக்கட்டில் ஏறிவிடுகிறீர்கள். அங்கே விளக்கு எரிவதில்லை, கைப்பிடியும் ஆடுகிறது. நம் வயதில் கோபித்துக்கொள்வதானாலும் நல்ல படிக்கட்டாகப் பார்த்துக் கோபித்துக்கொள்ள வேண்டாமா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் குடியிருப்பின் டென்னிஸ் இறுதி ஆட்டத்தில், அம்பயர் என்ற முறையில், நான் தங்களுக்கு ஃபுட் ஃபால்ட், அதாவது கால் தப்பு, கொடுத்தேன். அதைத் திரும்பப் பெறும்வரை என் வாசற்படி மிதிப்பதில்லை என்று தாங்கள் சபதம் போட்டீர்கள். இதைக் கேட்ட என் மகள், அதாவது தங்கள் மருமகள், இரண்டாம் மாடியில் நடுநாயகமாக நின்று மேலேயும் கீழேயும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிற வரைக்கும் என் பொண்ணு மேலயும் வரமாட்டா, கீழயும் வரமாட்டா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கோட்டில் பட்டது தங்கள் கால். பேத்தியைப் பார்க்காமல் தவிப்பது நாம் இருவரும். குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் ஜன்னலைப் பார்த்துக் கையசைக்கிறாள். அவளுடைய அம்மா அந்தக் கையையே பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். இதற்கொரு முடிவு கட்டத்தான் எழுதுகிறேன். மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துப் பிரித்திருந்தால், தங்கள் ஏமாற்றத்துக்கு வருந்துகிறேன்.

அம்பயர் நாற்காலிக்கு நான் ஆசைப்பட்டவள் அல்ல. அந்தக் கோர்ட் என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து கட்டடத்தின் பின்னால் கிடக்கிறது. அதன் வலையில் போர்வை காயப்போடுவதைத் தவிர யாரும் வேறு உபயோகம் கண்டதில்லை. போன வருடம் டிவியில் இரண்டு பேர் ஐந்து மணி நேரம் விடாமல் ஆடியதைப் பார்த்தார்களோ இல்லையோ, கட்டடமே கிறுக்குப் பிடித்துப்போயிற்று. பூட்டு ரிப்பேர்காரர் தம் கடையைப் பூட்டவே மறந்துவிட்டு வருகிறார், முதல் மாடிப் பல் டாக்டர் ஒரு நோயாளியை வாய் திறந்தபடியே உட்கார வைத்துவிட்டு "ஒரே ஒரு செட்" என்று ஓடிவருகிறார், பால்கனியில் நிற்கும் பெண்களெல்லாம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் கழுத்துச் சுளுக்கிக் கிடக்கிறார்கள், ஆடத் தெரியாதவர்கள் என் படுக்கையறைச் சுவரில் பந்தடித்துப் பழகுகிறார்கள், என் வீட்டுக்காரர் படம் இருமுறை ஆணியோடு விழுந்துவிட்டது. மனிதர் உயிரோடிருந்த காலத்தில் இவ்வளவு ஓடியாடியதில்லை.

அப்புறம் கணக்குச் சண்டை. இவர் முப்பது என்பார், அவர் நாற்பது என்பார், பந்து உள்ளே என்பார்கள், வெளியே என்பார்கள், மட்டையை ஓங்குவார்கள். அப்போது என்னைத் தேடி வந்தது யார்? தாங்கள்தான். "சம்பந்தியம்மா, உங்களை எதிர்த்துப் பேச இந்தக் கட்டடத்துல யாருக்கும் துணிச்சல் கிடையாது. நீங்கதான் அம்பயரா உக்காரணும்" என்றீர்கள். அந்தச் சொல்லை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இன்றும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நான் படித்தது கன்னியர் மடத்துப் பள்ளி. ஒரு பொறுப்பை ஏற்றால் அடிமுதல் நுனிவரை படித்துவிட்டுத்தான் உட்காருவேன். நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்து வந்தேன். பல நூறு வருடங்களுக்கு முன் துறவிகள் மடத்து முற்றத்தில் உள்ளங்கையால் பந்தடித்த ஆட்டமாம் இது. ஜபத்தை விட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள் என்று பிஷப்புகள் தடை போட்டார்களாம். பள்ளியை நடத்திய மதர் இதை எங்களிடம் சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டதன் காரணம் இப்போது புரிகிறது. ஒரு ராஜா ஆட்டம் பார்க்கப் போகிற அவசரத்தில் வாசல் நிலையில் தலையை முட்டிக்கொண்டு அன்றே செத்துப்போனாராம். பிறகு புல் வெட்டும் இயந்திரம் வந்தது, துள்ளுகிற ரப்பர் பந்து வந்தது, ஆட்டம் அரண்மனையை விட்டுப் புல்தரைக்கு வந்தது. ஆரம்பத்தில் கோர்ட்டே நடுவில் ஒடுங்கி உடுக்கை மாதிரி இருந்ததாம். எல்லாவற்றையும் மன்னித்தேன். கணக்கை மட்டும் மன்னிக்க முடியவில்லை. பதினைந்து, முப்பது, அதற்கப்புறம் நாற்பதா? நாற்பத்தைந்து எங்கே போயிற்று? பூஜ்யத்தை 'லவ்' என்கிறார்கள். முட்டைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். நாமும் பூஜ்யம் வாங்கினால் முட்டை என்றுதானே சொன்னோம்! உலகம் முழுக்க மக்குப் பிள்ளைகளுக்கு ஒரே கோழிதான் போலிருக்கிறது.

இவ்வளவும் படித்துத் தெளிந்த பிறகுதான், பெயிண்டரின் ஏணி உச்சியில், கையில் குடையோடு, இறுதி ஆட்டத்துக்கு ஏறி உட்கார்ந்தேன். தாங்கள் ஒரு பக்கம், பல் டாக்டர் மறுபக்கம். அன்று தாங்கள் ஆடிய ஆட்டத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் கடைசியில் பல் டாக்டருக்கு வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி, சர்வ் தங்கள் கையில். அடித்தீர்கள். என்ன ஓர் அடி! பல் டாக்டர் அசையவில்லை. கட்டடமே கைதட்டியது. "ஃபுட் ஃபால்ட்" என்றேன். பந்து மட்டையில் படுகிற வரைக்கும் கால் பின்கோட்டைத் தொடக்கூடாது. தங்கள் இடது கால் கட்டைவிரல் கோட்டின் மேல் சுகவாசம் செய்துகொண்டிருந்தது.

தாங்கள் திரும்பி ஒரு பார்வை பார்த்தீர்கள். "இருக்கட்டும், ரெண்டாவது சர்வ் இருக்கு" என்று ஆத்திரத்தோடு அடித்தீர்கள். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். புத்தியை அறியேன், கட்டைவிரல் முன்பைவிட முன்னால் இருந்தது. மறுபடி சொன்னேன். அடுத்தடுத்து இரண்டு சர்வ் தப்பானால் புள்ளி எதிராளிக்கு. ஆட்டம் முடிந்தது. பல் டாக்டர் ஜெயித்தார், அவராலேயே அதை நம்ப முடியவில்லை.

"கோட்டுல பட்ட பந்து உள்ளேன்னு சொல்றீங்க, கோட்டுல பட்ட கால் மட்டும் தப்பா? பந்துக்கு ஒரு நியாயம், காலுக்கு ஒரு நியாயமா?" என்று கத்தினீர்கள். ஆமாம், அப்படித்தான். நான் வைத்த சட்டமா அது? "அங்கேயே நில்லுங்க, காலை எடுக்காதீங்க" என்று ஏணியிலிருந்து இறங்கினேன். குடை விரிந்துகொண்டது, குடை வலையில் மாட்டிக்கொண்டது, வலை அறுந்து பல் டாக்டர் தலையில் விழுந்தது, அவர் வெற்றிக் கோப்பையோடு அதற்குள் சிக்கிக்கொண்டார். அதற்குள் தாங்கள் ஷூவைக் கழற்றி, "இந்தாங்க சாட்சி, வச்சுக்குங்க!" என்று என் கையில் திணித்துவிட்டு ஒற்றைக் காலில் மட்டும் ஷூவோடு, செருக்காக மாடியேறினீர்கள். ஷூ நுனியில் சுண்ணாம்புத் தடம் தெளிவாக இருந்தது. அதைக் காகிதத்தில் பொதிந்து அலமாரியில் வைத்தேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் அதை எடுத்து, "பாவம் சம்பந்தி ஐயா ஷூ, அழுக்கா இருக்கே" என்று ஷூ முழுவதும் வெள்ளை பூசிப் பளபளவென்று காயவைத்துவிட்டாள். இப்போது சாட்சி குதிகால் வரைக்கும் இருக்கிறது.

அன்று படியேறும்போது தாங்கள் ஒன்று சொன்னீர்கள்: "உக்காந்த இடத்துலேர்ந்து சொல்றது சுலபம். நீங்க ஒரே ஒரு சர்வ் போட்டுப் பாருங்க, அப்ப தெரியும் காலோட கஷ்டம்." சம்பந்தி, கட்டுப்பாடு உள்ள காலுக்குக் கஷ்டமே கிடையாது. எங்கள் பள்ளி வராந்தாவில் மதர் ஒரு கோடு கிழித்திருந்தார். அதைத் தாண்டி என் பாவாடை நுனிகூடப் போனதில்லை. கோடு என்றால் கோடு. ஆகையால் நான் கொடுத்த தீர்ப்பை அணுவளவும் மாற்ற மாட்டேன். அதை நெஞ்சிலே வைத்துக்கொள்ளாமல் தாங்கள் முன்பக்கப் படிக்கட்டில் இறங்கி வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள். குழந்தைக்காக.

தங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஆரோக்கியமும் தெளிந்த பார்வையும் பெற்று நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

சம்பந்தியம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை உறையிலிட்ட பிறகு, தங்கள் சவாலை வெறும் வாயால் மறுப்பது அழகல்ல என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் மட்டையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். முதல் பந்து குடியிருப்பு மதிலைத் தாண்டிற்று. இரண்டாவது என் வீட்டு ஜன்னலுக்கே போயிற்று. மூன்றாவது, சம்பந்தி, மூன்றாவது, முடிச்சுப் போட்டுக் கட்டிய வலைக்கு மேலே பறந்து, எதிர்க்கட்டத்தின் மூலையில் விழுந்து, சுவரில் மோதி நின்றது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அங்கே பழகிக்கொண்டிருந்த பல் டாக்டர் கைதட்டவில்லை. "அம்மா, கால் கோட்டுல இருந்துச்சே" என்கிறார்! என்னிடம்! அவருக்கு ஈறு தெரியும், கால் தெரியுமா? கால் பின்னால்தான் இருந்தது. பந்தோடு சேர்ந்து தானாக முன்னால் வந்தது. கை ஆகாயத்தில் இருக்கும்போது மனுஷி காலையும் கவனித்துக்கொண்டிருக்க முடியுமா? பந்துக்கு ஒரு நியாயம், காலுக்கு ஒரு நியாயமா? நன்றாகக் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கிறார். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவியும் ஒரு பக்கம், தாங்களும் நானும் மறுபக்கம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தங்கள் துணைவியார்தான் அம்பயர். அந்த உத்தமி எதையும் கண்டுகொள்ள மாட்டார். குழந்தைக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டாயிற்று; அவளுடைய அம்மாவும் சரி என்றுவிட்டாள். பழைய தீர்ப்பைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை வரை பேச வேண்டாம். இடது ஷூவை இத்துடன் அனுப்புகிறேன். வலது ஷூவுக்கும் வெள்ளை பூசிவிடுங்கள். ஜோடி சேராமல் ஆடினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.