மூன்றாம் லைனின் சூப்பர்வைசர்

சாயங்காலத்துக்குள் நானூறு ஜோடி ஷூ தைத்தாக வேண்டும். மதியம் ஆகியும் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. பூங்குழலி இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தாள்.

செஞ்சிக்கு வெளியே இருந்த அந்த ஷூ கம்பெனியில், ஆறு வருஷம் மூன்றாம் லைனில் மெஷின் மிதித்தவள் அவள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்கள் பங்கையும் சேர்த்துத் தைத்துவிடுவாள். இந்த வாரம் அவளைச் சூப்பர்வைசராக வைத்துப் பார்த்தார்கள். இன்றைய டார்கெட் முடிந்தால் பதவி நிரந்தரம், இல்லாவிட்டால் பழைய மெஷின். அவள் நைனாவோ அதற்குள் ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டார்.

"தலைமைங்கிறது ஒரு தொழில்மா. டாக்டர் படிப்பு மாதிரி முறையா படிச்சா யாருக்கும் வரும்" என்று மூன்று நாள் வகுப்பெடுத்திருந்தார் மேனேஜர் ஆனந்தராஜ் சார். பூங்குழலி ஒரு நோட்டு நிறைய எழுதியிருந்தாள்.

முதல் பாடம், பாராட்டு.

"தமிழினி, சூப்பரா தைக்கிற!"

"அப்ப நாங்கல்லாம் இன்னா, கிழிக்கிறோமா?" என்றாள் ரஞ்சிதம். லைனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது.

இரண்டாம் பாடம், குறையைத் தனியே கூப்பிட்டுச் சொல்வது. ரஞ்சிதத்தை ஓரமாக அழைத்தாள்.

"ஐயோ, என்ன வேலைய வுட்டுத் தூக்கப் போறாங்க!" என்று ரஞ்சிதம் ஓவென்று அழ, தேற்றுவதற்கு எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள்.

மூன்றாம் பாடம், எல்லோரிடமும் கருத்துக் கேட்பது. கேட்டுத் தொலைத்தாள். ஃபேன் காற்றில் தொடங்கிக் கேன்டீன் சாம்பார் வரைக்கும் கருத்து கொட்டியது. முக்கால் மணி நேரம் போச்சு. இதற்குச் செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலையை நாலு தரம் ஏறி இறங்கியிருக்கலாம்.

மணி ஐந்து. இருநூற்றுப் பத்து ஜோடி.

ஆனந்தராஜ் சார் எண்ணிக்கையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்.

பூங்குழலிக்கு அழுகை வந்துவிட்டது. லைனிலேயே மூத்தவளான சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"இது படிச்சு வர்ற தொழில் இல்லக்கா. இருபது பேர என் பேச்சக் கேக்க வைக்க முடியல. என்ன யாருக்குமே புடிக்கலபோல."

"அட பைத்தியமே! உன்ன இங்கியே வெச்சுக்கிறேன்னு அந்த சார எழுதித் தரச் சொல்லு, நாளைக்கே ஐந்நூறு தைக்கிறோம். நீ பாஸாயிட்டா ஓசூர் கம்பெனிக்கு மாத்திடுவாங்களாமே, அதான் இருபது பேரும் பேசி வெச்சுக்கினு மெதுவா மிதிச்சோம்."