பகிஷ்கரிப்பு: இராப்போசனம் உண்டு

நிர்மலன் ஆறு மணிக்கு எழும்பினான். கேத்திலில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்தான். முன்பு இரண்டு கோப்பை. பாணுக்குப் பட்டர் பூசி, நின்றபடியே சாப்பிட்டான். வியாழக்கிழமை என்பதால் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டுபோய் வீதியோரம் வைத்தான்.

தொட்டி விஷயத்தில் அவன் தவறுவதில்லை. ஐந்து மாதங்களுக்கு முன், ஆஸ்பத்திரியில், மனைவி சுபாஜினி அவனிடம் கடைசியாகக் கேட்டது அதைத்தான். "இண்டைக்கு வியாழன். தொட்டியை வெளியில வைச்சனீங்களோ?" ஓம் என்று சொல்லிவிட்டுக் கோப்பி எடுக்கப் போனான். திரும்பி வந்தபோது அவள் நித்திரையாகியிருந்தாள். பிறகு எழும்பவில்லை.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு டெக்லன் ஒரு பத்திரிகையை ஆட்டினார்.

"நிர்மலன்! இதைப் பாத்தியா?"

பார்க்கத் தேவையில்லை. அதை வரைந்ததே அவன்தான்.

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் நோர்போ என்றொரு சின்ன பீர்க் கொம்பனி. நிர்மலனுக்கு அதன் விளம்பரப் பகுதியில் வேலை. மார்ச் பதினேழு ஐரிஷ்காரரின் திருநாள். அதற்காகக் கறுப்பு பீருக்கு ஒரு படம் கேட்டார்கள். பச்சைத் தொப்பியும் சிவப்புத் தாடியுமாக ஒரு குள்ளன் குடிவெறியில் தெருவிளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே, 'இன்று எல்லோரும் ஐரிஷ்!' நாற்பது நிமிட வேலை. யோசித்துச் செய்யவில்லை. இந்த ஐந்து மாதமாக அவன் எதையும் யோசித்துச் செய்யவில்லை.

டெக்லனின் தாய் கோல்வே ஊர்க்காரி. டெக்லன் பிறந்தது பிரெடெரிசியாவில். அறுபத்தெட்டு வயதுக்குள் அயர்லாந்துக்கு ஒரேயொரு முறை போயிருக்கிறார். நான்கு நாள். நான்கு நாளும் மழை. ஆனாலும் வாசலில் ஐரிஷ் கொடி பறந்தது. ஊரில் ஓர் ஐரிஷ் சங்கமும் இருந்தது. ஏழு அங்கத்தவர். அதில் இரண்டு பேர் டேனிஷ்காரர், மனைவிமார் என்ற முறையில். நிர்மலனுக்கு இதில் வியப்பொன்றுமில்லை. ஏழு பேரும் தமிழராக இருந்திருந்தால் சங்கம் இரண்டாக இருந்திருக்கும்.

"எங்கட சனத்தைக் குடிகாரர் எண்டுறாங்கள்!" என்றார் டெக்லன். "நோர்போ பீரைப் பகிஷ்கரிக்கப் போறம். நீ படம் கீறுற ஆள்தானே. ஒரு நோட்டீஸ் செய்து தா."

விளம்பர வேலை என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தான். எந்தக் கொம்பனி என்று அவரும் கேட்டதில்லை.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அப்போது டெக்லனின் மனைவி கிர்ஸ்டன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் சூப் சட்டி. சிகிச்சைக்காக ஏழு கிழமை சுபாஜினியைக் காரில் ஏற்றி இறக்கியவர். அவள் போன பிறகும் திங்கட்கிழமை தவறாமல் நிர்மலனின் வாசற்படியில் சூப் வைப்பவர். இன்று வியாழன். இன்றைக்கும் சூப்.

"ஓம்," என்றான் நிர்மலன்.

அந்தக் குள்ளன் தன் கைவேலை என்று இவர்களுக்குத் தெரிந்தால் போதும். ஊரில் அவன் தட்டக்கூடிய ஒரே கதவும் மூடிவிடும்.

நோட்டீஸ் நன்றாக அமைந்துவிட்டது. சனிக்கிழமை ஊர் முழுவதும் ஒட்டினார்கள். திங்கட்கிழமை அவனுடைய மேலாளர் மெட்டே அதில் ஒன்றை மேசையில் போட்டார்.

"இதை ஆர் செய்ததெண்டு தெரியேல்லை. ஆனா எங்கட விளம்பரத்தைவிட நல்லாயிருக்கு. ரெண்டு கடை எங்கட பீரைத் திருப்பி அனுப்பிட்டுது. நீ கீறினது, நீயே சரிப்படுத்து. இல்லாட்டி எனக்கு வேற ஆள் தேட வேண்டி வரும்."

நிர்மலன் சரிப்படுத்தினான். குள்ளனின் கையிலிருந்து போத்தலை எடுத்தான். தொப்பியையும் எடுத்தான். தொப்பிக்குக் கீழே முடி வரைந்திருக்கவில்லை. அப்படியே அச்சுக்குப் போய்விட்டது.

வியாழன் பின்னேரம் ஐரிஷ் சங்கம் நிர்மலனின் வரவேற்பறையில் கூடியது. டெக்லன் வீட்டில் பெயின்ற் அடிக்கிறார்களாம். டெக்லன் புதிய விளம்பரத்தைப் பார்த்தார். மெல்லத் தன் மொட்டைத் தலையைத் தடவினார்.

"இப்ப மொட்டையரையும் சேர்த்து அவமானப்படுத்துறாங்கள்," என்றார். "நிர்மலன், இன்னொரு நோட்டீஸ்."

"ஓம்."

"தேத்தண்ணி இருக்கோ?"

ஏழு பேருக்கும் ஊற்றினான். அலுமாரியின் பின்பக்கத்திலிருந்து கோப்பைகளை எடுத்துத் தூசி கழுவ வேண்டியிருந்தது.

அடுத்த கிழமை மெட்டேக்கு அவனே ஒரு யோசனை சொன்னான். அரைப்பக்க மன்னிப்பு, அதுவும் ஐரிஷ் மொழியிலேயே. மெட்டேயின் கண் கலங்கிவிட்டது. டப்ளினில் ஒருவரைப் பிடித்து மொழிபெயர்த்தார்கள்.

வியாழன். அதே ஏழு பேர். டெக்லன் வீட்டில் பெயின்ற் இன்னும் காயவில்லை. பத்திரிகை கைக்குக் கை மாறியது. ஒரு சுற்றுச் சுற்றி டெக்லனிடமே திரும்பி வந்தது.

"என்னவாம்?" என்று நிர்மலன் கேட்டான்.

"என்ர அம்மம்மாவுக்கு இந்தப் பாஷை தெரியும்," என்றார் ஒருவர்.

"அவவைக் கேக்கலாமே?"

"செத்து முப்பது வருசம்."

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரியாமல் தகப்பனின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளை நிர்மலன் நினைத்துக்கொண்டான்.

டெக்லன் எழுந்தார். "எங்களுக்கு எங்கட பாஷையே வாசிக்கத் தெரியாதெண்டு ஊருக்கே காட்டிப்போட்டாங்கள். குள்ளன் எவ்வளவோ மேல்! சனிக்கிழமை பெரிய கூட்டம். விளையாட்டு மண்டபத்தில, அஞ்சு மணிக்கு. நிர்மலன்!"

"ஓம்."

அவர்களை வழியனுப்பப் போகும்போது டெக்லனின் கராஜ் திறந்திருந்ததைக் கண்டான். உள்ளே நோர்போ பீர்ப் பெட்டிகள் மூன்று. ஒன்று வெறுமை.

"அது சாட்சிப் பொருள்," என்று சொல்லிவிட்டு டெக்லன் கதவை இழுத்து மூடினார்.

அன்றிரவே நிர்மலன் நோட்டீஸை முடித்து அச்சுக்கு அனுப்பினான். முந்நூறு பிரதி. அவன் பதின்மூன்று வருடங்களாக பிரெடெரிசியாத் தமிழருக்கு நோட்டீஸ் செய்பவன். பொங்கல், கலைவிழா, ஒளிவிழா, நினைவுகூரல், எல்லாம் அவன் செய்ததுதான். அதனால் கை தானாகவே கடைசி வரியையும் போட்டுவிட்டது, பிழையில்லாத டேனிஷில். 'அனைவரும் வருக. இராப்போசனம் வழங்கப்படும்.'

டென்மார்க்கில் எதிர்ப்புக் கூட்டத்துக்கு யாரும் சோறு போடுவதில்லை. நூற்று நாற்பது பேர் வந்தார்கள். பலர் பிள்ளைகளோடு. சிலர் மீதியைக் கொண்டுபோகப் பெட்டியோடு.

"ஐரிஷ்காரர் இவ்வளவு பேர் இருக்கினமா?" என்று நிர்மலன் கேட்டான்.

"இல்லை," என்றார் டெக்லன். அவர் கையில் நோட்டீஸ். "சாப்பாடு எங்க?"

நிர்மலன் வெளியே ஓடிப்போய் றோஸ் அக்காவுக்குப் போன் எடுத்தான். முதியோர் இல்லத்தில் சுபாஜினியோடு வேலை செய்தவர். செத்தவீட்டுக்குப் பிறகு எட்டுத் தடவை அழைத்திருந்தார். ஒன்றுக்கும் அவன் பதில் சொல்லவில்லை.

"தம்பி! உயிரோட இருக்கிறியா? சொல்லு."

"அக்கா, சாப்பாடு வேணும்."

"எத்தினை பேருக்கு?"

"நூற்றி நாப்பது."

"எப்ப?"

"இப்ப."

"ஆரின்ர வீட்டு விசேஷம்?"

"விசேஷம் இல்லை. பீர் பகிஷ்கரிப்பு. ஐரிஷ்காரரின்ர."

"பீர் குடியாமல் இருக்கிறதுக்கும் சோறோ?" என்றார் றோஸ் அக்கா. "சரி. வாறம்."

முக்கால் மணித்தியாலத்தில் நான்கு கார்கள் வந்தன. மாதா திருநாளுக்கென்று கோயில் பிரீசரில் வைத்திருந்த ஆட்டிறைச்சி றோல்ஸ் அவ்வளவும் பொரிந்து வந்தது. சாப்பாட்டுக்கடை மரியரட்ணம் அண்ணை அன்றைய விற்பனைக்கு ஆக்கிய இரண்டு பெரிய கிடாரம் புரியாணியோடு இறங்கினார். ஐரிஷ்காரர் மேசை போட்டார்கள். நிர்மலன் வரிசையை ஒழுங்குபடுத்தினான், உறைப்பு எதில் என்று விளக்கினான், பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தான். ஏழு மணிக்குக் குரல் கட்டிவிட்டது. கனகாலம் பாவிக்காத குரல்.

அப்போது டெக்லன் மேடையில் ஏறினார். "இந்த நோட்டீஸ்களைச் செய்த என்ர அயலவனைக் கூப்பிடுறன். நிர்மலன், மேல வா!"

கைதட்டல். மேடைக்குப் போகும் வழியில், றோல்ஸ் வரிசையில், கையில் தட்டோடு மெட்டே நின்றார்.

"நிர்மலனா?" என்றார். மண்டபம் முழுவதற்கும் கேட்டது. "அவன் எங்கட ஆள் எல்லோ! அந்தக் குள்ளனைக் கீறினதே அவன்தான்!"

நூற்று நாற்பது வாய்கள் மெல்லுவதை நிறுத்தின.

நிர்மலன் மைக்கைப் பிடித்தான். "ஓம். குள்ளனையும் நான்தான் கீறினன். நோட்டீஸும் நான்தான். ரெண்டு பக்கமும் மன்னிக்கோணும்." வேறு எதுவும் தோன்றவில்லை. "புரியாணி இன்னும் இருக்கு."

மெட்டே நோட்டீஸைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "எனக்கு வேற ஆள் தேவையில்லை. இந்த நோட்டீஸ் செய்த ஆள்தான் வேணும். திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வா," என்றார். இன்னொரு றோல்ஸ் எடுத்தார்.

டெக்லன் மைக்கை வாங்கினார். "பகிஷ்கரிப்பு முடிஞ்சுது," என்றார். "ஆற முன்னம் சாப்பிடுங்கோ."

நிர்மலன் சமையலறைக்குள் ஒதுங்கினான். அங்கே கிர்ஸ்டன் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தார். அவன் தட்டுகளைக் கீழே வைத்தான்.

"கிர்ஸ்டன், உங்களுக்கு முதலே சொல்லியிருக்கோணும்."

"முதல் நாளே தெரியும்," என்றார் கிர்ஸ்டன். "அந்தக் குள்ளன்ர மூக்கு ஆருடையது?"

நிர்மலன் யோசித்தான். டெக்லனுடைய மூக்கு. அப்படியே, அந்த வளைவோடு.

"டெக்லன் சிரிச்ச சிரிப்பில கட்டுப்பல் கழண்டு விழுந்தது. படத்துக்குச் சட்டம் போட்டு ரொய்லெட்டில மாட்டி வைச்சிருக்கிறார். உன்னை எப்பிடி வீட்டுக்குள்ள விடுறது? அதுதான் பெயின்ற் எண்டு சொன்னது."

"அப்ப அந்தச் சாட்சிப் பொருள்?"

"ரெண்டாவது பெட்டியும் முடிஞ்சுது."

"பிறகேன் இவ்வளவு கூத்தும்?"

கிர்ஸ்டன் தண்ணீரை நிறுத்தினார். கைகளைத் துடைத்தார்.

"அண்டைக்கு நீ கோப்பி எடுக்கப் போனாய். நான் கட்டிலுக்குப் பக்கத்தில இருந்தன். அவ என்ர கையைப் பிடிச்சுச் சொன்னா: 'சூப் குடுக்கிறதோட விட்டிடாதேங்கோ. ஏதாவது வேலை சொல்லுங்கோ. இவருக்கு மாட்டன் எண்டு சொல்லத் தெரியாது.'"