மர்சேயாரின் பட்டினிகள்

புதுச்சேரியில் மர்சேயாரைப் போல ஊரார் சாமிக்கெல்லாம் பட்டினி கிடந்த மனிதர் வேறு யாரும் இல்லை. பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத காலம். எங்கள் எதிர்வீட்டுக்காரர். பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போய், மர்சேய் துறைமுகத்தில் பத்து வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய சொந்தப் பெயரைத் தெரு எப்போதோ மறந்துவிட்டது.

சாயங்காலமானால் நாற்காலியை வாசலில் போட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மர்சேயில் தாம் குடியிருந்த மாடிப்படிகளில் ஏறத் தொடங்குவார்.

"மொத மாடில அர்மேனியன், செருப்பு தெக்கிறவன். ரெண்டாவதுல அல்ஜீரியா பாய். மூணாவதுல யூதரு, தையக்காரரு. நாலாவதுல சைகோன்காரன், புத்தரு படம் வெச்சிருப்பான். உச்சி ரூம்புல நானு, முருகரோட."

கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கே தோல் வாசனையும் ஊதுவத்திப் புகையும் உப்புக் காற்றும் மெல்ல வந்து போகும். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

அந்தப் படிக்கட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு வீட்டில் விரதமென்றால் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. ஊர் திரும்பிய பிறகும் மர்சேயார் சட்டத்தை மீறவில்லை. பாய்க்காக ரமலான், அர்மேனியனுக்காகத் தவக்காலம், தமக்காகச் சஷ்டி. தேதிகளையெல்லாம் அர்மேனியன் கடிதத்தில் எழுதி அனுப்பிவிடுவான்.

"இந்த மனுசனுக்கு என்னிக்கி ஒல வெக்கிறதுன்னு பஞ்சாங்கத்துலகூட இல்லியே!" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

வம்பு வந்தது மகள் பூங்காவனத்தின் கல்யாணப் பேச்சில். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். ஒரு நல்ல வரன் ஏற்கெனவே ரமலானில் போயிற்று. அடுத்தது ரெட்டியார்பாளையத்துப் பையன். பூங்காவனத்துக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. ஆவணி கடைசி நாள். விடிந்தால் புரட்டாசி, பேச்சு நின்றுவிடும்.

"அப்பா, இந்த வாட்டியாவது சாப்ட்டுட்டு வா" என்று கெஞ்சி அனுப்பினாள். துணைக்கு நானும் போனேன். அன்று காலைத் தபாலில் வந்த கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது எனக்குத் தெரியாது.

இலை போட்டார்கள். வடை விழுந்தது. மர்சேயார் கையைக் கட்டிக்கொண்டார்.

"இன்னா இது? பொண்ணு குடுக்க இஷ்டமில்லியா?" பையனின் அப்பா எழுந்தேவிட்டார்.

மர்சேயார் அர்மேனியனின் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "இஷ்டந்தாங்க. இன்னிக்கி மர்சேயில எங்கூட குடியிருந்த தையக்காரரு வூட்டு நோம்பு. சண்ட காலத்துல யூதருன்னு போலீசு வந்து அவரு, பொஞ்சாதி, புள்ளைங்க எல்லாரையும் புடிச்சிக்கினு போச்சி. யாரும் திரும்பல. அந்த நோம்ப இருக்க அந்த வூட்ல ஆளு இல்லீங்க."

பையனின் அம்மா கேட்டார்: "எப்ப முடியும்?"

"மூணு நட்சத்திரம் தெரிஞ்சா."

"இலைய எடுங்கடி. சம்மந்தி சாப்புடாம இந்த வூட்ல யாரும் சாப்புட வேணாம்."

பொழுது சாய்ந்ததும் மொத்தக் குடும்பமும் தோட்டத்தில் குந்தி வானத்தைப் பார்த்தது. பசி தாங்காத பையனின் அப்பா, "அதோ ஒண்ணு!" என்று நாலு முறை கத்தினார். நாலும் மின்மினி. மூன்றாவது நட்சத்திரம் நிஜமாகவே வந்தபோது முதலில் கை நனைத்தவர் மர்சேயார். ஐப்பசியில் கல்யாணம்.

மர்சேயார் போய் வெகுகாலமாயிற்று. கடிதமும் நின்றுவிட்டது. அந்த நோன்பு என்றைக்கு வருகிறதென்று எனக்குத் தெரியாது. ஆவணி முடிகிற சமயம் குத்துமதிப்பாக ஒருநாள் சோற்றைத் தொடாமல் இருக்கிறேன். பசி தாங்காத ஆள்தான் நான். ஆனால் அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.