எழுபத்திரண்டாம் நம்பர் வருத்தம்

காய்ச்சல் என்று ஒரு வருத்தமே உலகத்தில் இல்லை என்பது சோதிலிங்கத்தின் முடிந்த முடிவு. காய்ச்சல் ஒரு குறி. இருமல் ஒரு குறி. தலையிடியும் ஒரு குறிதான். குறிகளைச் சேர்த்துக் கட்டினால் வருத்தம், அதாவது நோய். வருத்தத்துக்கு ஒரு நம்பர். நம்பர் போட்ட பிறகுதான் மருந்து. இந்த ஒழுங்கு தெரியாமல்தான் சனம் கண்ட கண்ட கசாயத்தைக் குடித்துக் கெட்டுப்போகிறது என்று அவர் மனமார நம்பினார்.

இவ்வளவும் தெரிந்த சோதிலிங்கம் டாக்டர் இல்லை. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவறையில் கிளாக்கர். வார்ட்டிலிருந்து வரும் நோயாளர் கட்டுகளை விரித்து, டாக்டர் கிறுக்கியிருக்கும் வருத்தத்தின் பெயருக்கு நேரே, உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட நம்பரைச் சிவப்பு மையால் போடுவது அவர் வேலை. சின்னமுத்துக்கு ஐம்பத்தைந்து. கன்னம் வீங்கும் கூகைக்கட்டுக்கு எழுபத்திரண்டு. மூச்சிழுக்கும் தொய்வுக்கு நானூற்றுத் தொண்ணூற்று மூன்று. இத்தனை வருடம் நம்பர் போட்டவர், ஒரு நோயாளியின் நாக்கைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையில்லை என்பார்.

வீடு கட்டுகஸ்தோட்டையில். கமலாசனியைக் கட்டி மூன்று வருடம், பிள்ளை இனித்தான். கமலாசனியிடமும் ஒரு வகைப்பாடு இருந்தது. சூடு, குளிர், வாய்வு, கிரந்தி. உலகத்து வருத்தமெல்லாம் இந்த நாலுக்குள் அடங்கும். அடங்காதது கண்பட்டு வந்த நாவூறு. இதைக் கேட்கும்போதெல்லாம் சோதிலிங்கத்துக்குச் சிரிப்பு வரும். அவளுக்கும் அவருடைய நம்பர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவள் குசினிக்குள் போய்ச் சிரிப்பாள்.

அந்த வீட்டில் நம்பர் போடாத ஒரு வருத்தமும் இருந்தது. அது கமலாசனியின் பதக்கம் சங்கிலி. கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டுவிட்டது. போன வருடம் சோதிலிங்கத்தின் அக்கா பத்மாதேவி, மகளின் கல்யாணத்துக்கென்று பிலிமத்தலாவையிலிருந்து வந்து, "ரெண்டே ரெண்டு நாளைக்கு" என்று கேட்டாள். கமலாசனி குளித்துவிட்டு வருவதற்குள் சோதிலிங்கம் அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். அக்காவின் இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் பேச்சு அங்கேதான் வந்து நின்றது.

"இஞ்சாருங்கோ, வாற மாசம் யாழ்ப்பாணத்திலை தங்கச்சியின்ரை கலியாணம். வெறுங்கழுத்தோடை போய் நிக்கிறதே?"

"வெறுங்கழுத்தோ? தாலிக்கொடி கிடக்கு."

"அது நீங்கள் போட்டது. அம்மா, தான் போட்டதைத்தான் முதல் பாப்பா."

"சொந்த அக்காட்டை எப்பிடியப்பா வாய் திறந்து கேக்கிறது?"

"குடுக்கேக்கை என்ரை அலுமாரியைத் திறந்தனியள். கேக்கிறதுக்கு உங்கடை வாயைத் திறக்கேலாதோ?"

"எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்கு, கமலா."

காலம் மறுநாள் விடியவே வந்தது. சோதிலிங்கம் எழும்பும்போது இடது கன்னம் அவருக்கு முன்னமே எழும்பியிருந்தது. காதடியிலிருந்து தாடை வரைக்கும் வீக்கம். தொட்டால் நோ. உடம்பும் மெல்லச் சுட்டது. கண்ணாடியில் பார்த்தார். வேறொருவர் என்றால் பயந்திருப்பார். சோதிலிங்கத்துக்கு உள்ளூர ஒரு பெருமை. வீக்கம், நோ, காய்ச்சல் என்று மூன்று குறி. பக்கத்து வீட்டு ஆஸியா உம்மாவின் பேரனுக்குப் போன கிழமை கூகைக்கட்டு. தொற்றுத் தொடுப்பும் இருக்கிறது. கட்டு கட்டியாயிற்று.

"கமலா, எழுபத்திரண்டு."

"என்ன எழுபத்திரண்டு?"

"கூகைக்கட்டு. ஐமிச்சமே இல்லை."

கமலாசனி கிட்ட வந்து பார்த்தாள். "வாயைத் திறவுங்கோ பாப்பம்."

"வாய்க்குள்ளை என்ன கிடக்கு? வருத்தம் காதடியிலை."

இருந்தாலும் திறந்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ம்" என்றாள். போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். முதல் மிடறு இடப்பக்கம் பட்டதும் சோதிலிங்கம் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார்.

"சுட்டுப்போட்டுதோ?"

"விழுங்கேலாமை. அதுவும் ஒரு குறி."

மத்தியானம் கஞ்சியும் தேசிக்காய் ஊறுகாயும். கஞ்சி ஆறியிருந்தது. ஊறுகாயை அவர் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகுதான் ஒன்று நினைவு வந்தது. கூகைக்கட்டுக்காரன் புளியைக் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான் என்று ஏதோ ஒரு கட்டில் வாசித்திருந்தார். அவர் கத்தவில்லை. அந்தக் குறி ஒத்துவரவில்லை. ஒத்துவராத குறியைத் தள்ளிவைக்கத் தெரிவதும் ஒரு படிப்புத்தான் என்று அதைத் தள்ளிவைத்தார்.

கமலாசனி வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள். இடப்பக்கப் பல்லில் வைத்துக் கடிக்க ஒரு கராம்பு தந்தாள். நோ கொஞ்சம் அடங்கியது.

"இது எழுபத்திரண்டுக்கு மருந்தோ?"

"எல்லா நம்பருக்கும் நல்லது."

பின்னேரம் ஆஸியா உம்மா பார்க்க வந்தார். வாசலில் நின்றே கன்னத்தை அளந்தார்.

"தம்பிக்கும் வந்தீக்கா? எங்கட பேரனுக்கு ரெண்டு பக்கமும் வீங்கிச்சி. கழுத்துல தங்க மால போட்டோம். நாலு நாள்ல வத்திப் போச்சி. ஒங்கடாக்களும் பொன்னு போடுறதானே?"

"போடுறதுதான், உம்மா" என்றாள் கமலாசனி. "ஆனால் இவர் நம்பமாட்டார்."

ஆஸியா உம்மா குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "சின்னப் புள்ளைகளுக்குப் பயமில்ல மகள். பெரிய ஆம்புளைகளுக்குத்தான் கவனம். கீழ எறங்கிச்சோ, பொறகு புள்ள குட்டி கெடைக்கிறது கஷ்டம்."

அதுவரைக்கும் முகத்தில் வைத்திருந்த சிரிப்பைச் சோதிலிங்கம் மெல்ல எடுத்துவிட்டார். இது உம்மாவின் கட்டுக்கதை இல்லை. வளர்ந்த ஆண்களுக்குச் சிலவேளை அப்படி வரும். அந்தக் கட்டுகளுக்கும் அவர்தான் சிவப்பு மை போட்டவர்.

உம்மா போனதும் கமலாசனி கேட்டாள்: "இங்கிலீசு வைத்தியத்திலை இதுக்கு என்ன மருந்து?"

"மருந்து இல்லை. ஓய்வுதான். தானாப் போகும்."

"தானாக் கீழை போனால்?"

பொன் ஒரு உலோகம், கிருமிக்குப் பொன்னும் ஒன்று பித்தளையும் ஒன்று என்று சோதிலிங்கம் விட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கமலாசனி தலையாட்டினாள். அவள் ஒத்துக்கொண்டதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிறு விடிய வீக்கம் இன்னும் ஏறியிருந்தது. உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட மருத்துவம் சோதிலிங்கத்தைக் கைவிட்டது.

"இஞ்சாரும், அந்தப் பொன் விசயம். போட்டுப் பாக்கிறதிலை பிழை இல்லை. விஞ்ஞானம் எண்டாலே சோதிச்சுப் பாக்கிறதுதான்."

"நீங்கள் சொன்னால் சரி. பொன் எங்கை?"

"உம்மடை தாலிக்கொடியை ஒருக்கால்..."

"நீங்கள் உயிரோடை இருக்கேக்கையோ?"

சோதிலிங்கம் நீட்டிய கையை அவசரமாக மடக்கிக்கொண்டார். "ஆஸியா உம்மாட்டைக் கேட்டால்?"

"அயலுக்கை இரவல் வாங்கின பொன் பிடிக்காது. பெண்சாதியின்ரை பொன்னா இருக்க வேணும். அதுவும் தாய்வீட்டுப் பொன்."

"அப்பிடியும் இருக்கோ?"

"ஏன், உங்கடை கட்டுகளிலை இல்லையோ?"

அவர் அலுமாரியைப் பார்த்தார். அவளும் அலுமாரியைப் பார்த்தாள்.

"வேணுமெண்டால் நான் மச்சாளிட்டைக் கேக்கட்டோ?"

"நீர் கேட்டால் அக்கா பிழையா விளங்குவா. நானே கேக்கிறன்."

ஆஸியா உம்மாவின் மகனுக்குச் சந்தியில் இரும்புச் சாமான் கடை. அங்கே டெலிபோன் உண்டு. பிலிமத்தலாவையில் அக்கா புருசன் அத்தானின் கடையிலும் உண்டு. வீடும் கடையும் ஒன்றுதான். தலையைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு சோதிலிங்கம் போனார். ஒரு வருடமாகத் திறக்காத வாய், திறக்கவே முடியாத அன்றைக்குத் திறந்தது.

"அக்கா, கமலான்ரை பதக்கம் சங்கிலி வேணும்."

"ஏன் தம்பி, அவள் சண்டை பிடிக்கிறாளோ?"

"இல்லையக்கா. எனக்குக் கூகைக்கட்டு. பொன் போட வேணும். இண்டைக்கே."

"நாளைக்கு ஒரு சாமத்தியச் சடங்குக்குப் போட வைச்சிருக்கிறன். புதன்கிழமை கொண்டு வரட்டே?"

"அக்கா, எனக்கு இன்னும் பிள்ளை இல்லை!"

கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். ஆணி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெளிக்கிட்டிட்டன்" என்றாள் அக்கா.

மத்தியானத்துக்கு முன்னமே பத்மாதேவி வந்துவிட்டாள். அழுதாள். தன் கழுத்திலிருந்ததைக் கழற்றித் தம்பியின் கழுத்தில் போட்டுவிட்டு, மறுபடி அழுதாள். எதற்காக எவ்வளவு அழுதாள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சோதிலிங்கம் பெனியனுக்கு மேலே சிவப்புக்கல் பதக்கம் தொங்க, கைக்கதிரையில் அசையாமல் இருந்தார். தெருவில் போன சனம் நின்று பார்த்துவிட்டுப் போனது. கமலாசனியும் அடிக்கடி வந்து பார்த்தாள். கன்னத்தை அல்ல.

பொன் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை நோ மண்டைக்கு ஏறியது. அக்கா ஒரு பக்கமும் கமலாசனி ஒரு பக்கமுமாக அவரை அவருடைய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனார்கள். இளம் டாக்டர் ஒருவர் வாயைத் திறக்கச் சொன்னார். சின்ன இரும்புக் கம்பியால் உள்ளே ஒரு தட்டுத் தட்டினார். சோதிலிங்கம் போட்ட சத்தம் பதிவறை வரைக்கும் கேட்டதாம்.

"யார் இதைக் கூகைக்கட்டு எண்டது?" என்றார் டாக்டர். "கொடுப்புப் பல்லு சொத்தை. அடியிலை சீழ் கட்டியிருக்கு." பிறகு பதக்கத்தைப் பார்த்தார். "இது என்ன?"

வாய்க்குள் விரல் இருந்ததால் சோதிலிங்கம் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விரலுக்கு நன்றி சொன்னார்.

பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, குளிசையும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பத்மாதேவி கையை நீட்டினாள்.

"அப்பாடா, கூகைக்கட்டு இல்லை. அப்ப பொன்னும் தேவையில்லை. சங்கிலியைக் கழட்டித் தா தம்பி, நான் சடங்குக்குப் போக பஸ்ஸைப் பிடிக்க வேணும்."

சோதிலிங்கத்தின் வாயில் பஞ்சு. கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"ஓம் ஓம், தாராளமாக் கொண்டு போங்கோ மச்சாள்" என்றாள் கமலாசனி. "ஒரு பயம்தான்."

"என்ன பயம்?"

"வருத்தக்காரன்ரை கழுத்திலை கிடந்த பொன் வீடு மாறினால், வருத்தமும் அதோடை போகுமாம். உங்களுக்கும் கொடுப்புப் பல்லு ஒண்டு ஆடுதெண்டு நேற்றுச் சொன்னனியள். அதுதான் யோசிச்சன்."

நீட்டியிருந்த கை மெல்ல மடங்கிக் கன்னத்தைத் தொட்டது. பிடுங்கும்போது தம்பி போட்ட சத்தத்தைப் பத்மாதேவி கதவுக்கு வெளியே நின்று கேட்டவள்.

"அப்ப எத்தனை நாள் இஞ்சை கிடக்க வேணும்?"

"ரெண்டே ரெண்டு நாள் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன், மச்சாள்."

பத்மாதேவி அவளைப் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

கமலாசனி சங்கிலியை அவர் கழுத்திலிருந்து கழற்றி, கழுவித் துடைத்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று போட்டுக்கொண்டாள். பதக்கத்தை நடுவுக்கு இழுத்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தைச் சோதிலிங்கம் ஒரு வருடமாகக் கண்டதில்லை. அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பஞ்சை எடுத்தார்.

"பல்லு எண்டு உமக்கு எப்ப தெரியும்?"

"சனிக்கிழமை. சுடு தேத்தண்ணிக்குத் துள்ளினியள். ஊறுகாய்க்குத் துள்ளேல்லை. வாய்க்குள்ளை பாத்தன், பல்லிலை ஓட்டை."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் நம்பர் போட்டு முடிச்சிட்டியள். நான் என்னெண்டு குறுக்கை விழுறது?"

அவருக்கு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது.

"எல்லாம் சரி. பொன் வீடு மாறக் கூடாதெண்டு நான் ஒரு இடத்திலையும் கேள்விப்படேல்லை. அது எந்த ஊர் வழக்கம்?"

"இந்த வீட்டு வழக்கம்" என்றாள் கமலாசனி, கண்ணாடியை விட்டுத் திரும்பாமல். "இண்டைக்குத்தான் தொடக்கினனான்."