ரிஜெக்ட் ஆன தலைமையாசிரியை

எதையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் செய்வேன். அதனாலேயே எதுவும் ஒழுங்காக நடந்ததில்லை.

மகள் யாழினியின் எல்.கே.ஜி. நேர்காணலையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் அவள் எதிர்காலமே போயிற்று என்று நம்பிக்கொண்டிருந்தேன். (அவளுக்கு வயது மூன்றரை.)

முதலில், பள்ளியில் சேரும் முயல்குட்டியின் கார்ட்டூனைக் காட்டினேன். அதன்பின் என்ன கேட்டாலும் மூக்கைச் சுருக்கிக் காட்டினாள். அடுத்து, பக்கத்து வீட்டுக் குழந்தை பதில் சொல்வதைக் கைபேசியில் படமெடுத்துக் காட்டினேன். "உன் பேர் என்ன?" என்றால் அந்தக் குழந்தையின் பெயரைச் சொன்னாள்.

அப்போதுதான் எம்.ஏ.வில் படித்த கிரேக்கத் தத்துவம் நினைவுக்கு வந்தது. உலகமே ஓர் அசலின் நகல், கலை அந்த நகலுக்கும் நகல், நம்பாதே என்றார் அதில் வரும் குரு. பார்த்துச் செய்துதான் மனிதன் கற்கிறான், பயப்படாதே என்றார் அவருடைய சீடர். நான் இருவருக்கும் பயந்து நடுவில் ஒரு முடிவெடுத்தேன். முயல் யாரோ வரைந்த பொம்மை. படமோ வெறும் நிழல். நாடகத்தில்தான் ஆள் ரத்தமும் சதையுமாக நிற்கிறார். ஆகவே, நாடகம்!

தலைமையாசிரியை வேடம் கணவருக்கு. அவருக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சாம்பிளோடு ஒத்துப்போகாத பனியனை 'ரிஜெக்ட்' என்று ஒதுக்குவார். வீட்டில் என் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, கீச்சுக்குரலில் "வாங்க கண்ணு, உக்காருங்க" என்பார். சரியான பதிலுக்கு ஒரு முறுக்கு. ஒரு மாத ஒத்திகையில் யாழினி பதில்களை அடுக்கித் தள்ளினாள்.

அந்த நாளும் வந்தது. நிஜத் தலைமையாசிரியைக்குக் கனத்த குரல்.

"உன் பேர் என்ன கண்ணு?"

யாழினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க தப்பா பண்றீங்க."

"என்ன தப்பு?"

"மிஸ்ஸுன்னா துப்பட்டா போத்தோணுங்க. கீச்சுன்னு பேசோணுங்க." அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, இவிங்க சாம்பிள் மாதிரி இல்ல. ரிஜெக்ட்!"

நகலை முதலில் பார்த்த குழந்தைக்கு அசல்தான் பழுதாகத் தெரியும் என்பதைக் குருவும் சொல்லவில்லை, சீடரும் சொல்லவில்லை.

"யாரு கண்ணு சாம்பிள்?" என்றார் தலைமையாசிரியை.

யாழினி அப்பாவைக் கைகாட்டினாள். நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன்.

"எங்க, செஞ்சு காட்டுங்க பாக்கலாம்."

"அம்மிணி, செய்யட்டுமா?" என்று கணவர் என் காதில் கேட்டார்.

"ஏனுங்க, சீட்டு வேணுமா வேண்டாமா? செய்யுங்க!"

என் துப்பட்டா அவர் தோளுக்குப் போனது. அவர் கீச்சிட்டார். யாழினி பெயர், ஊர், பழம், நிறம் அத்தனையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, முறுக்குக்காகக் கையை நீட்டினாள், தலைமையாசிரியையிடம். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை டீச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இடம் கிடைத்தது. முதல் நாள் பள்ளி முடிந்து வந்தவளிடம், பெரிய மிஸ் எப்படி இருந்தார் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"பரவால்லீங்ம்மா," என்றாள் பெருந்தன்மையாக. "பழகிக்குவாங்க."

உறவில் புது மருமகள் எப்படி என்று யார் விசாரித்தாலும் என் மாமியார் இப்போது சொல்லும் பதில் அதுதான். "பழகிக்குவாங்க." என்னைப் பற்றி விசாரித்தாலும் அதையேதான் சொல்கிறார். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது.