பீப்பாய்ச் சத்தத்தை நீக்கித் தரவும்

விதின்,
பனிமூட்டம் விலகாத செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகன் யாசெனுக்கு, மாமா லூபென் எழுதுவது. நலம் என்று தொடங்குவதுதான் முறை, ஆகையால் நலம். நீயும் உன் ஒலிப்பதிவுக் கூடமும் உன் அம்மாவின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கோடையில் ஆற்றங்கரையில் சூரியகாந்தி விதை கொறித்தபடி ஒரு கேள்வி கேட்டாயே, நினைவிருக்கிறதா? "ஏன் மாமா, அத்தைகிட்ட நேரா வந்துடுன்னு சொல்லிட்டுப் போறதுதானே, பாட்டு எதுக்கு?" பதில் தெரியாவிட்டால் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு வகுப்பை முடிப்பது, வாத்தியாராக இருந்த காலத்திலிருந்தே என் பழக்கம். அன்றும் அப்படித்தான் எழுந்து வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நேராகச் சொல்லியாகிவிட்டது. இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போன உன் அத்தை நெவேனா, ஒரே ஒரு குளிர்காலம் என்றாள். இது மூன்றாவது. நான் தொலைபேசியில் "வந்துடு" என்பேன். அவள் "சாப்பிட்டியா" என்பாள். அந்தக் குடும்பம் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறதாம். டிசம்பர் தொடக்கத்தில் வரும் நிக்கோலா திருநாளுக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் என் பாட்டு அவள் காதில் விழ வேண்டும்.

நீ அனுப்பிய மைக்கைப் படுக்கையறையில் நிறுத்தி, கிதாரை மடியில் வைத்துப் பாடிப் பார்த்தேன். திரும்பப் போட்டால் என் குரலைவிடக் குளிர்பெட்டி நன்றாகப் பாடியிருந்தது. அதன் மின்சாரத்தை நிறுத்தினேன், தயிரும் இறைச்சியும் போயின. அடுத்து, குளிர்காலத்துக்காக முட்டைக்கோஸை உப்புநீரில் புளிக்கப் போட்டுப் பால்கனியில் வைத்திருந்த பீப்பாய். முந்தின நாள்தான் அடியிலிருந்து உப்புநீரை இறக்கி மேலே ஊற்றியிருந்தேன், அது பேசாமல் இருக்குமா, குளுக் குளுக்கென்று ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதை உருட்டிப் போய்ச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் விட்டேன். அங்கே போனபிறகு இரண்டு கதவைத் தாண்டி இன்னும் சத்தமாகக் கேட்கிறது. சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினேன். பளபளப்பான பரப்பெல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், மூடு என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அலமாரிக் கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடினேன். செய்யும்போது தோன்றவே இல்லையப்பா. கடிகாரம் நின்று, கண்ணாடி மூடியிருந்தால் அது சாவு விழுந்த வீடு என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

கீழ்வீட்டுப் பெனா அக்காவுக்குத் தெரியாதா? என் கடிகாரத்தின் மணியைக் கேட்டுத்தான் அவள் சூப்பை இறக்குவாள். மணி அடிக்கவில்லை, சூப் தீய்ந்தது. திட்டுவதற்காகத்தான் மேலே வந்தாள், நெவேனா கொடுத்துவைத்த சாவி அவளிடம் உண்டு. வந்தவள் பார்த்தது: நின்ற கடிகாரம், மூடிய கண்ணாடி, காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, "மூடுபனியில் உன்னைத் தொலைத்தேன்" என்று முனகும் ஒரு கிழவன். உன் அத்தை அயல்நாட்டில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டாள். அவள் வைத்த ஒப்பாரி எனக்குக் கேட்கவில்லை, பாடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சரணம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது, சுருதி என்னைவிடச் சுத்தம். அதோடு விட்டாளா, உடல் என்றைக்கு வருகிறது என்று விசாரிக்க அங்கிருந்தே இத்தாலிக்குத் தொலைபேசினாள். எடுத்தது நெவேனா.

நான் கண்ணைத் திறந்தபோது பெனா அக்கா வாசல் நிலையில் சாய்ந்து, "உயிரோடதான் இருக்கா. அதுக்கு எதுக்குய்யா கண்ணாடிய மூடினே?" என்றாள். நெவேனா என்ன சொன்னாள் என்று கேட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டாளாம். அதன் பிறகு எனக்கும் அழைப்பில்லை. கட்டிடம் முழுக்க அதற்குள் கேள்விப்பட்டு, கறுப்புத் துணி கட்டி வந்தவர்கள் கோபத்தோடு திரும்பிப் போனார்கள். இறந்தவருக்குப் படைப்பதற்காகப் பெனா அக்கா அவசரமாக வேகவைத்த கோதுமையைத்தான் காலையும் மாலையும் தின்றுகொண்டிருக்கிறேன்.

நீ சொல்லிக்கொடுத்தபடி கணினியில் நானே ஒலிக்கலவையும் செய்து பார்த்தேன். கிதார் சத்தத்தை ஏற்றினேன், குரல் கிணற்றுக்குள் போனது. இரைச்சல் நீக்கும் பொத்தானை அமுக்கினேன். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்: வகுப்பில் எல்லாரும் வாயை மூடுங்கள் என்று அதட்டினால், பதில் தெரிந்தவனும் மூடிக்கொள்வான். அதேபோல் பீப்பாயோடு என் மூச்சும் போய்விட்டது. மிஞ்சியது யாரோ ஒரு கனவான், ஆளில்லாத மண்டபத்தில் பாடுகிறார். ஆகவே மூலப் பதிவையே இத்துடன் அனுப்புகிறேன். பெனா அக்காவின் ஒப்பாரி, நான் மூக்கு சிந்தியது, முக்கியமாகப் பீப்பாய், இவற்றை நீக்கி உடனே அத்தைக்கு அனுப்பு. அனுப்பியும் பயன் இருக்காது என்றே தோன்றுகிறது. ஒரு மனைவியை இரங்கல் சொல்லி வரவழைத்தவன் உலகில் இல்லை.

உன் கைக்கு வேலையும், உன் அடுப்புக்கு விறகும் குறையாதிருக்கட்டும். அம்மாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

வாடிய மனத்துடன்,
மாமா லூபென்

பி.கு.: உறையை ஒட்டும்போது நெவேனா கூப்பிட்டாள். அன்றைக்குப் பெனா அக்கா தொலைபேசியை என் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தாளாம். "முழுசாக் கேட்டேன்" என்றாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஏன்யா, பீப்பாய அடுப்புப் பக்கம் வச்சிருக்கியா? அது பொங்குற வேகமே சொல்லுதே. நான் வர்றதுக்குள்ள முட்டைக்கோஸ் குழைஞ்சு போயிடும், பால்கனிக்குத் தள்ளு." பாட்டு எப்படி என்று மறுபடி கேட்டேன். "அதுவும் கேட்டுச்சு" என்றாள்.

பீப்பாயைத் தள்ளிவிட்டேன், இடுப்பு போய்விட்டது. மேலே எழுதிய எதையும் செய்யாதே, பதிவு அப்படியே இருக்கட்டும். ஒன்று மட்டும் செய்து பார்: இனி யார் வீட்டில் எடுத்த பாட்டானாலும், அதைச் சுத்தம் செய்யும் முன், அந்த வீட்டை விட்டுத் தூரத்தில் இருப்பவருக்கு ஒருமுறை போட்டுக் காட்டு.