பொனட்டுக்குள் ஒரு லைட்

கல்முனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த ஸகியா ராத்தா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் கட்டார் நாட்டில் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கு நானும் சுகமே என்று எழுதுவதுதான் முறை. ஆகையால் எழுதிவிட்டேன்.

நிற்க. என் மச்சினன் ஜெமீல் தங்களுக்கு டெலிபோன் எடுத்து, மச்சிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லியிருப்பார். அதை நம்ப முன்னர் தயவுசெய்து இந்தக் கடிதத்தை வாசிக்கவும். வாட்சப்பில் கதைத்தால் எனக்கு அழுகை வந்துவிடும். கடிதத்தில் அழுதால் தங்களுக்குத் தெரியாது.

என் கணவர் மௌத்தாகி, விதவைக்குரிய நாலு மாசமும் பத்து நாளும் நான் இத்தா இருந்து எழும்பின பிறகும் அவருடைய ஜீப் முற்றத்தில் நிண்டபடியே நிற்கிறது. ஓட்ட ஆளில்லை. கோழி அதுக்குக் கீழே போய் முட்டையிடுகிறது. ஜெமீல் வித்துப்போடச் சொன்னார், நானும் சரியெண்டேன். பொத்துவிலில் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்குகிற ஒருவர் பார்க்க வந்து, முன்னுக்கு ஒரு லைட் செத்துக் கிடக்கிறதைக் கண்டுட்டு, "யானை வாற றோட்டுல ஒத்தக் கண்ணோட எப்பிடிப் போற?" எண்டு முகத்தைச் சுழிச்சார். அப்பதான் எனக்குக் கட்டிலுக்குக் கீழ கிடந்த பெட்டி ஞாபகம் வந்திச்சு. அவர் மௌத்தாக முந்தி கொழும்பிலயிருந்து எடுப்பிச்ச சாமான்: புது ஹெட்லைட் ரெண்டு, பம்பர்ல பூட்டுற மஞ்சள் லைட் ரெண்டு, எஞ்சினைப் பாக்கப் பொனட்டுக்கு உள்ளுக்குப் பூட்டுற நீட்டு லைட் ஒண்டு. ஒண்டையும் பூட்ட அவருக்கு நாள் கிடைக்கல்ல. இதெல்லாம் பூட்டினா நல்லா விலை போகும் எண்டு ஜெமீல் காரைதீவுக்குப் போய், என்ட ஆளுக்கு முந்தி ஜீப் வேலை செய்து குடுத்த மெக்கானிக் புண்ணியமூர்த்தி பாஸைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ராத்தா, அந்த மனிசனை நான் குறை சொல்லல்ல, ஆனா அவர் பூட்டி முடிச்சு இடப்பக்கம் சிக்னலைப் போட்டா வைப்பர் ஆடுது. வைப்பரை நிப்பாட்டினா ஹோர்ன் அடிக்குது. "இது ஜப்பான்காரன்ட பிழை தங்கச்சி" எண்டு சொல்லிட்டுத் தேத்தண்ணி கேட்டார். மறுகா பம்பர் லைட்டைச் சோதிச்சுப் பாக்கப் போடுறார், அது மஃரிப் தொழுகை முடிஞ்சு ஆக்கள் பள்ளியால வாற நேரம். வெளிச்சம் கீழ விழாம ஒழுங்கை முழுக்க அடிச்சுது. வந்த ஆக்கள் எல்லாம் கண்ணைப் பொத்திக்கொண்டு நிண்டுட்டாங்க. சைக்கிள்ள வந்த ஒரு வயசாளி இறங்கி, சைக்கிளைச் சாத்திவெச்சு, சேட்டுப் பையிலயிருந்து அடையாள அட்டையை எடுத்து, சண்டைக் காலத்து ஆமிச் செக்பொயின்ட்ல நீட்டுற மாதிரி வெளிச்சத்துக்கு நீட்டினார். ஆரும் சிரிக்கல்ல. எனக்கும் சிரிப்பு வரல்ல. பாஸ் ஓடிப்போய் லைட்டை நூத்துட்டு அந்த மனிசன்ட கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டார்.

அது முடிய பொனட் லைட். பொனட்டை மூடினா அது நூர வேணுமாம். நூரல்ல. இடுக்கெல்லாத்தாலயும் தகதகவெண்டு வெளிச்சம் வாறதைக் கண்டுட்டு பக்கத்து வீட்டு உம்மு, எஞ்சின் பத்துது எண்டு கத்திக்கொண்டு, மீன் கழுவின தண்ணியை வாளியோட கொண்டு வந்து ஊத்திப்போட்டா. புது ஹெட்லைட் ஒண்டு அதோட போயிட்டுது. அடுத்த நாள் அதைக் கழட்டி, நான் மிளகாய் காயப்போட்ட பாயில பாஸ் காய வெச்சார். இண்டைக்கும் ஜீப்பில சூடை மீன் மணக்குது.

ஆனா புத்தி பேதலிச்ச கதை இதில்ல. காய வெச்சுட்டு இருந்த நேரம், அந்தப் பொனட் லைட்டைப் பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரம் பொங்கிச்சு. கலியாணம் முடிச்ச நாள் தொட்டு அவர் பொனட்டைத் தூக்கினா டோர்ச் பிடிக்கிறது நான். "நேராப் பிடி, கை ஆடுது, எங்க பாக்குறாய்" எண்டு ஒவ்வொரு நாளும் ஏச்சு. அவ்வளவு ஏச்சையும் வாங்கினது நான், கடைசியில என்ட வேலையை ஒரு லைட்டுக்குக் குடுத்துட்டுப் போயிட்டார். மௌத்தான ஆளோட கோவிக்கக் கூடாதுதான். கோவிச்சன். பாஸுக்கு முன்னாலேயே வாய்விட்டு ஏசிப்போட்டன்.

பாஸ் கையிலிருந்த குறட்டைக் கீழ வெச்சார். "அப்பிடிச் சொல்லாதீங்க தங்கச்சி. பொஞ்சாதிக்குக் கை உளையுது, பாவம், இனி அவளைக் கஷ்டப்படுத்தப்படாது எண்டுதான் அந்த மனிசன் இதை வாங்கினவர். என்ட காதால கேட்டன்."

ராத்தா, என்ட கை உளையுற கதையை நான் அவருக்குச் சொன்னதே இல்ல. பொனட்டுக்குள்ள தலையைக் குடுத்து, மீன் வாடையோட, நல்லா அழுதன். பொத்துவில்காரர் வந்தார், விக்கல்ல எண்டு சொல்லிட்டன்.

"மச்சி, ஓட்டவும் தெரியாது, இதை வெச்சு என்ன செய்யப் போறீங்க?" எண்டு ஜெமீல் குதிக்கிறார்.

"கிடக்கட்டும்" எண்டன்.

ஆகையால் அவர் டெலிபோன் எடுத்தால், ஜீப் தங்கச்சியிடமே இருக்கட்டும் என்று தாங்கள் ஒரு சொல் சொல்ல வேண்டுமெனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டில் உள்ள எல்லோருக்கும் அல்லாஹ் நீடித்த ஆயுளையும், தெளிந்த பார்வையையும், போட்டால் எரிந்து நிப்பாட்டினால் நூருகிற லைட்டுகளையும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கச்சி
முஸ்பிறா

பி.கு: கடிதத்தை ஒட்டப் போற நேரம் புண்ணியமூர்த்தி பாஸ் விட்டுட்டுப் போன குறட்டை எடுக்க வந்தார். வாசல்லேயே தலையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டார். "தங்கச்சி, ஒரு பிழை நடந்து போச்சு. பொஞ்சாதிக்குக் கை உளையுது எண்டு சொன்னது என்னட்ட வாற நற்பிட்டிமுனை மாஸ்டர் ஒருவர். அவரும் இதே லைட்தான் எடுத்தவர்."

"அப்ப என்ட ஆள் என்ன சொன்னவர்?"

சொல்ல மாட்டன் எண்டு நிண்டவரை நான் விடல்ல. "'எவ்வளவு சொன்னாலும் இவளுக்கு விளங்குதில்ல பாஸ், எஞ்சினுக்குப் பிடி எண்டா என்ட மூஞ்சிக்குத்தான் டோர்ச் அடிக்கிறாள்' எண்டார், தங்கச்சி."

அது அவர்தான் ராத்தா. சொல்லுக்குச் சொல் அவர்தான். அவர் மௌத்தான பிறகு இண்டைக்குத்தான் சிரிச்சன், பாஸ் பயந்துட்டார். பொத்துவில்காரருக்குச் சொல்லியனுப்பிட்டன், வந்து ஜீப்பைக் கொண்டு போகட்டும். அந்த மூஞ்சி இல்லாம எஞ்சினுக்குள்ள பாக்குறதுக்கு எனக்கு என்ன கிடக்கு?